அரிசி வாளி

தவமலரின் மருந்துப் பையை
ஐஸ்பெட்டியின் மேலிருந்து எடுத்து
முதலில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் வைத்தேன்.
எறும்பு வருது என்றேன்.
மாத்திரைக்கு எறும்பு வருமா என்று அவள் கேட்கவில்லை.
மூன்றாவது கீமோவுக்குப் பிறகு
அவள் பல விஷயங்களைக் கேட்பதில்லை.

முப்பது டிகிரிக்கு மேல் போனால் கெட்டுவிடும் என்றார்
பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்துச் சீனப்பெண்.
பயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பெண்களை இறக்கிவிட்டு
காலி பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன்,
இந்தத் தீவில்
முப்பதுக்குக் கீழே எந்த இடம் இருக்கிறதென்று.

பத்து கிலோ சியாம் அரிசி. அதன் அடியில்.

விடிகாலை நாலரைக்குப் புறப்படுமுன்
முழங்கைவரை விட்டு எடுத்து எண்ணுவேன்.
அவளுக்காக ஒருமுறை.
பிறகு இன்னொரு முறை.

பெர்லிஸிலிருந்து ருகேந்திரன் வந்தது
செமஸ்டர் நடுவில், ஒரே ஒரு பையோடு.
அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றான்.
பார்த்தான்.
அறைக்குள் போனவன்தான்.
பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது, மலாயில்:
நான்கு பாடம், வருகைப் பதிவு, இரண்டாம் எச்சரிக்கை.
ஏழு வயதில் கீழே நின்று அண்ணாந்து
கொம்தாரின் மாடிகளை எண்ணிவிட்டு
"அறுவத்தஞ்சு, சரிதாம்பா" என்றவன் அவன்.
கடிதத்தை ரோட் டேக்ஸ் உறைக்குள் சொருகிவைத்தேன்.

அவன் கதவுக்கடியில் ஒரு வெளிச்சக் கோடு.
எரிந்தால் கோபம் வருகிறது,
மின்சாரம் யாரப்பன் வீட்டுக் காசு என்று.
அணைந்திருந்தால்
கதவில் காது வைத்து நிற்கிறேன்,
காற்றாடிச் சத்தத்துக்கு அடியில் மூச்சைத் தேடி.
கைக்குழந்தையாய் இருந்தபோது
தவமலர் அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள்.
நான் சிரிப்பேன் அப்போது.

ஒருநாள் கேட்டே விட்டேன்.
"தம்பி, நீ ஏதாச்சும்... அப்படி..."
என்று ஆரம்பித்து
"மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தணும்" என்று முடித்தேன்.
அவன் சாவியை எடுத்துக்கொண்டு போய்
ஊற்றிவிட்டு வந்தான்.
அவன் திரும்பி வர ஆன நாற்பது நிமிஷம்
பதினான்காவது மாடி நடைபாதையில்
கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலை ஏறினேன்.
பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது
யாருக்கென்று வேண்டுவது, குழம்பிவிட்டது.
ஒருவரைச் சொன்னால்
மற்றவரை விட்டுக்கொடுத்த மாதிரி.
ஒன்றும் கேட்காமல் தொட்டுக் கும்பிட்டு,
அடிவாரத்தில் ஆறு வடை வாங்கிக்கொண்டு
வீட்டுக்கு வந்தேன்.

தவமலர் ஒரு வடையைப் பிய்த்து, தின்ன முடியாமல்
என் கையில் வைத்தாள்.
"அவன்கிட்ட சத்தம் போடாதீங்க.
இந்த வீட்ல ரெண்டு பேருக்கு உடம்பு சரியில்ல."
எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி லிஃப்ட் திறந்ததும் சோற்று வாசம்.
எங்கள் வீட்டிலிருந்துதான்.
வாளியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.
சட்டையைக்கூட மடிக்காமல் கையை விட்டேன்.
பை இருந்தது.
ஆனால் நான் போடுவது ஒற்றை முடிச்சு.

தரையில் உட்கார்ந்து அவிழ்த்து எண்ணினேன்.
சரியாக இருந்தது.
நம்பாமல் திரும்பவும் எண்ணினேன்.

பின்னால் நின்றிருந்தான், எத்தனை நேரமோ,
கையில் அகப்பையோடு.
"நாப்பத்திரெண்டு," என்றான்.
"நானும் எண்ணுனேன்."

ஐஸ்பெட்டி உறுமி அடங்கியது.

"சோறு கொஞ்சம் கொழஞ்சிருச்சுப்பா.
அம்மாவுக்கு முழுங்க அதான் நல்லது."

பையைக் கட்டினேன், அவன் போட்டதைப் போலவே.
மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.
ஏன் எண்ணினாய் என்று கேட்க வேண்டும்.
சாப்பிட்ட பிறகு
கேட்க வேண்டும்.